முண்ணாண் மாஸ்டருக்குக் கடித்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சொறியவிடாத ஒரே மனிதர் எங்கள் முண்ணாண் மாஸ்டர்தான். சுன்னாகத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் உயிரியல் படிப்பித்தார். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடத்துக்கு எங்கள் பாடப்புத்தகங்களில் முண்ணாண் என்று பெயர். பிள்ளைகளுக்கு அது பரீட்சையில் ஒரு கேள்வி, மாஸ்டருக்கோ அதுதான் உலகம். நான் அவருடைய பக்கத்து அறை வாடகைக்காரன். எனக்குத் தப்ப வழியில்லை.

நுளம்பு குத்திய இடத்தில் நான் விரலை வைத்தால் போதும், ஆள் கதவடியில் நிற்பார்.

"கேளும். தோலிலையிருந்து கடி எண்ட சேதி முண்ணாணுக்குப் போகுது. அங்கை சில நரம்புகள் வாசல்காரர் மாதிரி நிக்குதுகள். நீர் சொறிஞ்சவுடனை அதுகள் வாசலைச் சாத்திவிடும். சேதி மேலை போகாது, சுகமா இருக்கும். ஆனால் கனக்கச் சொறிஞ்சீரோ, நோகும். நோவை அடக்க மூளை ஒரு சரக்கை அனுப்பும். அது வந்து கடியைக் கூட்டிவிட்டிடும்!"

"அப்ப என்னதான் செய்யிறது, மாஸ்டர்?"

"குளிர் வையும். அதுவும் வாசலைச் சாத்தும்."

ஐஸ் கட்டிக்கு நான் எங்கே போவது? அவர் முடிப்பதற்குள் கையைச் சிவக்கச் சொறிந்திருப்பேன்.

ஒருமுறை நாங்கள் இருவரும் போன பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் பிடரியைச் சொறிந்துகொண்டே வந்தார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில், "போதும், நிப்பாட்டும்!" என்று கத்திவிட்டார். சாரதி பிரேக்கை அமத்தினார். "ஆர் இறங்கிறது?" என்றார் நடத்துநர். ஒருவரும் அசையவில்லை. எங்கள் இருவரையும் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. கொளுத்தும் வெயிலில் மிச்சத் தூரம் நடந்தோம், மிச்சப் பாடமும் நடந்தது.

இந்த வாயால்தான் அவருக்குப் பேசிவந்த சம்பந்தங்களெல்லாம் குழம்பின. நாற்பதைத் தொட்டுவிட்டார். "உதுவும் குழம்பினால் நான் இனிப் பாக்கமாட்டன்" என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டா. வல்வெட்டித்துறையில் பெண் பார்க்கப் புறப்படும்போது மாஸ்டர் என் கையைப் பிடித்தார். "தனியச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. நான் வாயைத் திறந்தால் காலை மிதியும்."

முற்றத்து முருங்கைக்குக் கீழே கதிரை போட்டிருந்தார்கள். அதுதான் வினை. தேத்தண்ணி வந்த நேரம் பார்த்து மாஸ்டரின் சட்டைக் கொலருக்குள் ஒரு மயிர்க்கொட்டிப் புழு விழுந்தது. மனிதர் நெளிந்தார், வியர்த்தார், கடைசியில் துள்ளி எழும்பினார்.

"ஐயோ, கடிக்குது!"

எங்கள் ஊரில் அரிப்பும் கடிதான், நாய் செய்வதும் கடிதான். பெண்ணின் தகப்பன் பாய்ந்து போய் நாயைப் பிடித்தார். கதிரைக்குக் கீழே நித்திரையாய்க் கிடந்த அந்தப் பாவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கை கடிச்சது, மாப்பிளை?"

"முதுகிலை!"

"முதுகிலையோ? ஊசி போட ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ!"

"நாயில்லை ஐயா, இது வேறை கடி. தோலிலையிருந்து சேதி முண்ணாணுக்குப் போகுது..."

நான் காலை மிதித்தேன். இரண்டு காலையும் மிதித்தேன். மாஸ்டர் ஒரு கையால் சட்டையை உதறிக்கொண்டு வாசல்காரர் வரைக்கும் வந்துவிட்டார். சபை வாயைப் பிளந்தபடி இருந்தது. அப்போது கதவடியில் நின்ற பெண் உள்ளே போய், துவாயில் சுற்றிய ஐஸ் கட்டியோடு வந்தாள்.

"குளிர் வைச்சாலும் வாசல் சாத்துமோ?"

மாஸ்டர் வாங்கிப் பிடரியில் வைத்தார். "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் நான் வேண்டுமென்றே கையைச் சொறிந்துகூடப் பார்த்தேன், அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "குழப்பிப்போட்டன்" என்று மட்டும் வீட்டுப் படலையடியில் சொன்னார்.

மறுநாள் பெண்ணின் தகப்பன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். மாப்பிளை எப்பவும் உப்பிடித்தான் கதைப்பாரோ?"

பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை. "ஓம் ஐயா. எப்பவும்" என்றேன்.

"மகள்தான் கேக்கச் சொன்னவள். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஒண்டும் கதைக்கிறேல்லையாம். எப்பவும் உப்பிடியெண்டால் அவளுக்குச் சம்மதமாம்."

மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கட்டிலில் இருந்தபடி என்னையே பார்த்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். அந்த மனிதர் என்றைக்கும் வாய் ஓயாமல் இருக்கவேண்டும் என்று முதன்முதலாக ஆசைப்பட்டேன்.