காயிலுக்கு மேலே எவ்வளவு?

நோயாளியின் ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷம் அப்படியே உட்காருங்க" என்றார் பல் டாக்டர். அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் அத்தானைத் தோற்கடித்துவிடலாம் என்று மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கே அவருடைய ஏரியல் நின்றது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் அலுமினியக் கம்பி, நடுவில் தடித்த காயில், அதாவது கம்பிச்சுருள்.

டாக்டருக்கும் அக்கா புருஷனான அத்தானுக்கும், வீட்டிலிருந்தே ஒலிபரப்பிப் பேசுகிற அமெச்சூர் ரேடியோ பைத்தியம். ஊரின் இந்தக் கோடியில் இவர், அந்தக் கோடியில் அவர். அக்கா இறந்துபோன பிறகு அத்தான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. சாயங்காலமானால் ரேடியோவில் மட்டும் வருவார், அதுவும் சண்டைக்கு. அக்காவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினதெல்லாம் காயிலைப் பற்றித்தான்.

கம்பி குட்டையாக இருப்பதை ஈடுகட்டத்தான் நடுவில் காயில் போடுவது. அதன் அடியில் நுழைகிற கரண்ட் அத்தனையும் மேலே வெளியே வரும் என்பது அத்தான் கட்சி. மேலே குறையும் என்பது டாக்டர் கட்சி. இரண்டு வருஷமாக ஒருவரும் இறங்கி வரவில்லை.

அத்தானின் மகள்தான் கிளினிக்கில் டாக்டருக்கு உதவி. மாடி அறையில், ஏரியலுக்குக் கரண்ட் அனுப்பும் ரேடியோ பட்டனை அமுக்க அவளை உட்கார வைத்திருந்தார்.

"கட்டாயம் இன்னிக்கே அளக்கணுமா மாமா?"

"ஏன், நீ உங்கப்பா கட்சியா?"

"நான் பட்டன் கட்சி. அமுக்கட்டுமா?"

அமுக்கினாள். காயிலுக்குக் கீழே கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று, மேலே ஒன்று. டாக்டர் கிட்டே போய் எக்கிப் பார்த்தார். இரண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. அப்படியானால் அத்தான் சொல்வதுதான் சரி.

மீட்டர்களை இடம் மாற்றி மாட்டினார். அதே கதை. தன் கண்மேல் சந்தேகம் வந்து, இரும்பு ஏணியைக் கொண்டுவந்து போட்டு, மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தார். மேல் முள் இன்னும் ஏறியது. அவர் இறங்கினார், முள்ளும் இறங்கியது.

அப்போதுதான் உறைத்தது. கம்பிக்குப் பக்கத்தில் ஆளோ ஏணியோ நின்றால் அதுவும் ஏரியலோடு சேர்ந்துவிடும். பக்கத்தில் போனால் அத்தான் சொல்வது சரி, தள்ளி நின்றால்தான் தன் பக்கம் நியாயம். இது டாக்டருக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் ஏணியை அப்புறப்படுத்திவிட்டு, மாடியின் மறுகோடியில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

ஏரியலுக்கு நேர் பின்னால் எதிர்வீட்டு வக்கீலின் ஜன்னல். அது திறந்தது.

"டாக்டர், என் வீட்டுல என்ன தேடறீங்க?"

"உங்க வீட்டுல இல்ல சார். முள்ளைப் பார்க்கறேன். எங்க அத்தானைத் தோற்கடிக்கணும்."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லக் கூடாதா? சொத்துத் தகராறா?"

"கரண்ட் தகராறு."

"உங்க லைன்ல கொக்கி போட்டுட்டாரா?"

விளக்கிச் சொல்வதற்குள் படியில் காலடி கேட்டது. கன்னத்தைப் பிடித்தபடி நோயாளி வந்தார்.

"டாக்டர், மரத்துப் போச்சு, அப்புறம் அதுவே சரியாவும் போச்சு. பல்லு மட்டும் அங்கேயேதான் இருக்கு."

"ஒரே நிமிஷம். இதுல பார்த்துச் சொல்லுங்க, மேல் முள் எங்க நிக்குது?"

நோயாளி பைனாகுலரை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "கீழ இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் கூட."

வக்கீல் தானும் சாட்சி என்றார், ஜன்னலிலிருந்து ஒன்றும் தெரியாவிட்டாலும். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அறைக்குள் பாய்ந்து மைக்கை எடுத்தார். அதற்குள் ஸ்பீக்கரில் அத்தான் வந்துவிட்டார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு லேட்டு? காயில் விஷயத்துல புதுசா ஒரு பாயிண்ட் வெச்சிருக்கேன். வா, வா."

"அளந்தாச்சு, இனிமே இதுல பேச ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்" என்று டாக்டர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். அக்கா மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா இதைப் போன வருஷமே அளந்துட்டாரு மாமா. மேல குறையுதுன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு அவர்கிட்ட பேசப் போறீங்கன்னுதான் சொல்லல."