பெல்ட் டீச்சரும் ஒரு தடியங்காயும்

தென்காசியில் பெட்ரோல் இல்லாமல் நின்ற கார் உண்டு, பஞ்சராகி நின்ற கார் உண்டு. மடியில் பிள்ளை இருக்கிறது என்பதற்காக நின்ற கார்கள் எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு. அத்தனையையும் நிறுத்தியவர் ஒரே ஒருவர்: பெல்ட் டீச்சர்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். வகுப்பில் அவர் யாரையும் ஓங்கிக்கூடப் பேசியதில்லை என்பார்கள். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. எங்களுக்கு எதிர்வீடு. பட்டம் கொடுத்தது தெரு. காரணம், அவருடைய மகளுக்கு வாங்கிய கார் சீட்.

மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தச் சீட் வந்துவிட்டது. தொட்டில் வாங்கத்தான் மறந்துபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்தது பின் சீட்டில், அதுவும் பின்கண்ணாடியைப் பார்த்தபடி. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் குழந்தையின் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் காரையே ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். பச்சைப் பிள்ளைக்குக் கழுத்தில் பலம் இருக்காது, கார் திடீரென்று நின்றால் முதுகு சீட்டில் பதிந்திருக்க வேண்டும் என்று டீச்சர் அங்கேயே பாடம் எடுத்தார். ஆரத்தியில் கற்பூரம் அணைந்துபோனது. பாடம் முடியவில்லை.

அவருடைய கணவர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த சாதுவான மனிதர். மகளின் பெல்ட் ‘க்ளிக்’ என்று மாட்டும் சத்தம் காதில் விழாமல் அவர் சாவியைத் திருப்பக் கூடாது. ஒரு கல்யாண மண்டப வாசலில் மேளச் சத்தத்தில் க்ளிக் கேட்கவில்லை என்று, டீச்சர் அவரைக் கழற்றிக் கழற்றி மூன்று தடவை மாட்ட வைத்தார். வழியில் பிள்ளை அழுதால் காரை ஓரங்கட்டி, இறக்கி, அழுகையை அமர்த்தி, மறுபடி மாட்டிய பிறகுதான் பயணம். திருநெல்வேலிக்கு அவர்கள் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போயிருந்தால் இதற்குள் அல்வா வாங்கிக்கொண்டு திரும்பியே வந்திருக்கலாம் என்று அந்த மனிதர் என்னிடம் ரகசியமாக வருத்தப்பட்டிருக்கிறார்.

எங்கள் மகனுக்கு அப்போது மூன்று வயது. எங்கே போனாலும் முன் சீட்டில் அவன் அம்மாவின் மடியில் இருப்பான். அல்லது என் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வான். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

ஒரு சாரல் சீசனில் ராயகிரியிலிருந்து என் அத்தை வந்திருந்தாள். எல்லோரும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். அத்தை முன் சீட்டில் ஏறி, பையனை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டிலிருந்து டீச்சர் வந்து காருக்கு முன்னால் நின்றுவிட்டார். அப்படி நின்றால் ஹார்ன் அடித்துப் பயனில்லை.

பிள்ளையை மடியில் வைக்காதீர்கள் என்றார் அவர். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. “டீச்சரம்மா, ஆறு பிள்ள வளத்த கை இது. ஒண்ணையும் கீழ விட்டதில்ல.”

டீச்சர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தடியங்காய். குழம்புக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பூசணி. கைக்குழந்தை கனம் இருக்கும். “இதப் பிள்ளையா நெனச்சுக்கோங்க ஆச்சி. விடாம பிடிச்சுக்கிடுங்க” என்று அத்தையின் மடியில் வைத்து, அவளுக்கு மட்டும் பெல்ட்டை மாட்டிவிட்டார். பையனை என் மனைவியோடு வீட்டில் நிறுத்திவிட்டு நாங்கள் மூவரும் இலஞ்சி ரோட்டுக்குப் போனோம். ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்து, சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னார். அத்தை தடியங்காயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு பரீட்சையா என்பதுபோல் வெளியே பார்த்தாள்.

“இப்ப சவுட்டுங்க சார்” என்றார் டீச்சர். பிரேக்கைச் சவுட்டினேன்.

அத்தையின் கை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. தடியங்காய் டாஷ்போர்டில் மோதிப் பிளந்து, விதையும் தண்ணியுமாகக் கண்ணாடியில் வழிந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு பிள்ளை வளர்த்த கையை அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லதுதான், திருஷ்டி கழிஞ்சிட்டு” என்றாள். பிறகு, “அந்தச் சீட்டு எங்கன விக்குது?” என்று கேட்டாள்.

சீட் வந்தது. பையன் முதல் வாரம் முழுக்க அதில் வில்லாக வளைந்து கதறினான். டீச்சர் வந்து அவனுடைய கரடிப் பொம்மையைச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, கரடியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். மறுநாள் கரடியை இறக்கிவிட்டு இவனே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த வருஷ சீசன். பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு, பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் பையனும் திரும்பிக்கொண்டிருந்தோம். இலஞ்சி தாண்டியதும், வயலிலிருந்து ஒரு கன்றுக்குட்டி ரோட்டில் குதித்தது. பிரேக் பிடித்தேன். சாரல் நனைத்த ரோடு. கார் வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மகனுடைய தலையிலிருந்து நெற்றி வழியாகச் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த என் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு மூன்று நொடிகளை நான் இன்னும் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

பையன் நாக்கை நீட்டி மூக்கு நுனியில் இருந்ததை நக்கினான். “அப்பா, காரமா இருக்கு” என்றான்.

சால்னா. பாக்கெட் பறந்து கூரையில் அடித்து அவன் தலையில் உடைந்திருக்கிறது. பையனோ மாட்டின பெல்ட்டில், வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தோம், அழுதோம். கன்றுக்குட்டி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். சேதி கேட்டு டீச்சர் எங்கள் வாசலிலேயே நின்றார். நான் சொன்னேனே என்று ஒரு மணி நேரமாவது பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மோதலில் சிக்கிய சீட்டை இனிமேல் யாரும் உபயோகிக்கக் கூடாது என்று, மறுநாள் அவரே வந்து கத்தரிக்கோலால் அதன் பெல்ட்டுகளை வெட்டிப் போட்டார். அன்றும் அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் சத்தமே தெருவில் இல்லை. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

கார் ஒர்க் ஷாப்பிலிருந்து வந்தது. புதுச் சீட்டை நானே பொருத்தி, மூன்று பேரும் ஏறிக் கிளம்பும்போது டீச்சர் வந்தார். கதவைத் திறந்து சீட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார்.

“இதுக்குப் பேரு மாட்டுறதா சார்? லூசா இருக்கு. எல்லாரும் எறங்குங்க.”

இறங்கினோம். நடுத்தெருவில் அவர் கால் மணி நேரம் திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு.