தாமத வெடி அறிக்கை

மனித குலம் இதுவரை எட்டிய சிகரங்களில் மிக உயரமானது எது என்று ஊலாத் ஸம்மூரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். பதினைந்து பேர் பதினைந்து குதிரைகளில் பாய்ந்து வர வேண்டும். பதினைந்து பேரும் ஒரே நொடியில் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி விசையை இழுக்க வேண்டும். கேட்கிறவன் காதில் ஒரே ஒரு வெடிதான் விழ வேண்டும். இரண்டு விழுந்தால் அது நாகரிகம் அல்ல, வெறும் சத்தம். சந்திரனுக்குப் போய் வந்தவர்கள்கூட இதைச் செய்து காட்டவில்லை என்பது எங்கள் ஊரின் தாழ்மையான கருத்து.

இந்தக் கலையில் பதினோரு வருடமாக நிகரற்ற மேதையாக விளங்கியவர் மஹ்ஜூப். ஊராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்தும் எழுத்தர். பதினோரு திருவிழாக்களில் நாற்பத்து நான்கு முறை பாய்ந்திருக்கிறார். ஒரு முறைகூட அவருடைய துப்பாக்கி பிந்தியதில்லை, முந்தியதும் இல்லை. காரணம் எளிமையானது. அதில் மருந்துக்குக்கூட மருந்து இருந்ததில்லை.

எங்கள் துப்பாக்கிகள் எல்லாம் வாய் வழியாக மருந்து போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற வகை. குண்டு கிடையாது, சத்தமும் புகையும்தான். ஒரு முறை வெடித்துவிட்டால் குழாய்க்குள் கறுப்பாகக் கசடு பிடிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, கம்பியில் துணி சுற்றித் துடைத்து, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். இந்தக் கலையின் பின்பாதியில் மஹ்ஜூப் தன்னையே கரைத்துக்கொண்டார். முன்பாதி இல்லாவிட்டால் பின்பாதி எவ்வளவு சுத்தமாக நடக்கும் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே.

துப்பாக்கி அவருடைய மாமனாருடையது. வெள்ளிப் பட்டை, ஒட்டக எலும்பில் இழைத்த பூக்கள். முதல் வருடம் அது கைக்கு வந்தபோது குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியாகப் பளபளத்தது. அதைப் போய் அழுக்காக்க அவருக்கு மனசு வரவில்லை. மற்றவர்கள் மருந்து கொட்டும்போது இவரும் தன் காலி மருந்துக் கொம்பைக் கவிழ்த்தார். கம்பியை எடுத்துக் கெட்டித்தார். காற்றை அவ்வளவு அழுத்தமாகக் கெட்டித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பதினான்கு துப்பாக்கிகள் சேர்ந்து இடி இடிக்கிறபோது பதினைந்தாவது எங்கே என்று யார் தேடப் போகிறார்கள்?

சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் பராமரிப்பு. அதுவும் விலை உயர்ந்த ஆர்கன் எண்ணெயில்.

"ரொட்டிக்குத் தொட்டுக்க எண்ணெய் இல்ல, இங்க துப்பாக்கி குளிக்குது," என்பாள் மனைவி ஃபத்னா.

"இது துப்பாக்கி இல்ல ஃபத்னா. பொறுப்பு."

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாவிதர் ஹம்மாதி தும்மினார். போன வருடத் திருவிழாவில், சரியாக விசையை இழுக்கிற நேரத்தில். எல்லார் வெடியும் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய வெடி தனியாக வந்தது. 'கூட்டு வெடி ஒழுங்குக் குழு' கொதித்து எழுந்தது. இனிமேல் கூட்டத்தோடு ஒத்துப்போகாத துப்பாக்கியின் சொந்தக்காரர் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். அவர் 'தாமத வெடி அறிக்கை' மூன்று பிரதிகளில் எழுதி ஊராட்சி முத்திரையோடு சமர்ப்பிக்க வேண்டும் என்று விதி வந்தது.

எங்கள் பதினைந்து பேர் குதிரைப் படையின் தலைவர் பூஷைப் அவசரக் கூட்டம் கூட்டினார். புதினா தேநீர் மூன்று சுற்று ஓடிய பிறகு எல்லார் பார்வையும் மஹ்ஜூப் பக்கம் திரும்பியது.

"நீ மட்டும் எப்படிப்பா பிந்தவே மாட்டேங்குற?" என்று கேட்டார் தலைவர்.

"சுத்தம், தலைவரே. குழாய் சுத்தமா இருந்தா கை தானா ஒழுங்கா வரும்."

"மருந்து எவ்வளவு மச்சான் போடுறீங்க?" இப்படிக் கேட்டவன் ஃபத்னாவின் தம்பி லயாஷி, கறிக்கடைக்காரன். அப்பாவின் துப்பாக்கி தனக்கு வரவேண்டியது என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவன்.

"அளவா."

"அளவான்னா?"

"வீட்டுக்கு வந்து குழாயைத் துடைச்சா மிச்சமே வராத அளவு."

கூட்டம் தலையாட்டியது. 'இவ்வாண்டு முதல் அனைவரும் மஹ்ஜூப்பின் அளவையே பின்பற்றுவது' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் மஹ்ஜூப் சவரத்துக்குப் போய் உட்கார்ந்தார். முகத்தில் நுரை, கழுத்தில் கத்தி. ஹம்மாதியின் கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, கடைக்கு வர்றவன் எல்லாம் தும்மிக் காட்டிட்டுப் போறான். இன்னொரு தடவை பேரு வந்தா நான் ஊரை விட்டே போயிடுவேன். அந்த அளவைச் சொல்லுங்கண்ணே."

"கத்தியை எடுப்பா முதல்ல."

"சொல்லுங்க, எடுக்கறேன்."

மஹ்ஜூப் சொன்னார். "போடாத. அவ்வளவுதான். பதினாலு பேரு வெடிக்கறான், உன் ஒருத்தன் வெடி யாருக்குத் தெரியும்? யார்கிட்டயும் சொல்லிடாத."

ஹம்மாதி சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார்: ஒரு நேரத்தில் ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. படையில் எல்லாருக்கும் சவரம் தேவைப்பட்டது. தலைவர் பூஷைப் மீசை ஒதுக்க இரண்டு முறை வந்துபோனார்.

மஹ்ஜூப்புக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஃபத்னா அவருடைய வெள்ளை அங்கியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"பதினோரு வருஷமா இதை நான்தான் துவைக்கிறேன். எங்க அத்தா அங்கியைத் துவைச்சா தண்ணி மை மாதிரி ஓடும். நாத்தம் குடலைப் புடுங்கும். உங்க அங்கியில என்ன நாத்தம் தெரியுமா? சோப்பு நாத்தம்!"

"நான் கொஞ்சம் ஓரமா நிக்கிறவன், காத்து வேற..."

"காத்தா? பதினோரு வருஷமா ஒரே பக்கமாவா அடிச்சுது? அந்தத் துப்பாக்கிய உங்க கையில குடுக்கும்போது அவரு என்ன சொன்னாரு? 'இது வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசும், பேசவிடு மாப்பிள்ளை'ன்னாரு. நீங்க அதை ஊமையாக்கிச் செவுத்துல மாட்டி வச்சிருக்கீங்க."

"சுத்தமா வச்சிருக்கேனே..."

"இந்த வருஷம் அது பேசலைன்னா லயாஷிகிட்ட எடுத்துக் குடுத்துடுவேன்."

"ஐயோ, கறிக் கையோட தொடுவானே!"

"கறிக் கையா இருந்தா என்ன? வெடிப்பான்ல?"

மஹ்ஜூப் சுவரைப் பார்த்தார். அந்தத் துப்பாக்கி இல்லாத சுவரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினோரு வருடமாகத் துடைத்த துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்.

ஃபத்னாவின் அப்பா பழைய படைத் தலைவர்; அவர் மகளுக்கு அது தெரியாதா? சுருட்டி வைத்த மெத்தைமேல் அவரைக் குதிரை ஏற்றினாள். மருந்துக்குப் பதில் ரவையைத் தேநீர்க் குவளையில் அளந்து ஊற்றச் செய்தாள்.

"ஊத்துங்க. துணிய வைங்க. இடிங்க. இவ்வளவு மெதுவாவா? புள்ளையத் தூங்க வைக்கறீங்களா? இப்ப வெடிப்பொட்டை மாட்டுங்க. நான் கத்துனதும் இழுங்க. ஹேய்ய்! கண்ணை ஏன் மூடறீங்க?"

"பழக்கமில்ல."

ஐந்து நாள் பயிற்சி. குழாயிலிருந்து ரவையை எடுக்க மட்டும் மூன்று மணி நேரம் ஆனது.

திருவிழா அன்று புறப்படு கோட்டில் பதினைந்து பேரும் மருந்து கெட்டித்தார்கள். மஹ்ஜூப்புக்கு ஃபத்னா அளந்து கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் பாதி குதிரையின் பிடரியில் கொட்டியது. மற்றவர்கள் அன்று அற்புதமாகக் கெட்டித்தார்கள். ஒருவர்கூட ஒரு துளி சிந்தவில்லை. பக்கத்துக் குதிரையிலிருந்து ஹம்மாதி கண்ணடித்தார். மஹ்ஜூப் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை. அந்தக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

தலைவர் குரல் கொடுத்தார். பதினைந்து குதிரைகளும் ஒரே வரிசையாகப் பாய்ந்தன. புழுதி கிளம்பியது. பதினைந்து பேரும் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்றார்கள். துப்பாக்கிகள் உயர்ந்தன. "ஹேய்ய்!"

டமார்.

ஒன்றே ஒன்று. ஆனால் என்ன ஒன்று! மஹ்ஜூப்பின் காது அடைத்தது, கண்ணில் புகை, வாயில் கரி. பதினோரு வருடம் வாயைக் கட்டிவைத்த துப்பாக்கி மொத்தத்தையும் ஒரே மூச்சில் பேசிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே திரும்பினார். மற்ற பதினான்கு பேரும் சிரிக்கவில்லை.

"யாருடா வெடிச்சது?" தலைவர் பூஷைப் கத்தினார். "மானத்தை வாங்கிட்டியேடா!"

"தலைவரே, மத்த வெடியெல்லாம் எங்க?" என்றார் மஹ்ஜூப்.

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்! நான் ஒருத்தன் போடலைன்னா மிச்சம் பதினாலு பேரும் போட்டிருக்கணும்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஹம்மாதியைப் பார்த்தார்கள். ஹம்மாதி தன் குதிரையின் காதை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நடுவர் கூடாரத்தில் அதற்குள் ஒருவர் எழுந்து நின்று கைதட்டிவிட்டார். தலைநகரிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர். இந்தக் கலையை முதல் முறையாகப் பார்ப்பவர்.

"பதினாலு பேரு! ஒரு சத்தம் இல்ல! என்ன கட்டுப்பாடு!"

தலைநகரம் கைதட்டிய பிறகு ஒழுங்குக் குழுவின் தலைவர் ஹாஜியார் கையை மடியில் வைத்திருக்க முடியுமா? அவரும் தட்டினார். செயலாளர் மட்டும் படிவத்தைப் பிடித்துக்கொண்டு தவித்தார்.

"ஹாஜியார், அந்த ஒத்த வெடியை எந்தக் கட்டத்துல எழுதறது? முந்தினதா, பிந்தினதா?"

"எதுக்கு முந்தி?"

"மத்த வெடிக்கு."

"மத்த வெடி எங்க?"

"இன்னும் வரலை ஹாஜியார்."

"அப்ப கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

சாப்பாடு வரை பொறுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. பிறகு ஒலிபெருக்கி முழங்கியது: நூலிழை பிசகாமல் ஒன்றுபட்ட பதினான்கு துப்பாக்கிகளுக்காக, வந்திருந்த ஊர்ப் படைகளில் ஊலாத் ஸம்மூருக்கு முதல் பரிசு. கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஒரு துப்பாக்கிக்காக மஹ்ஜூப்புக்குக் கண்டனமும் படையிலிருந்து நீக்கமும். பதினான்கு பேரும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் ஃபத்னா அவர் கையைப் பிடித்து இழுத்து, அங்கியின் கரி படிந்த கைப்பகுதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எங்க அத்தா வாசனை," என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த அங்கியை அவள் துவைக்கவில்லை. தெருவைப் பார்த்துக் கொடியில் அப்படியே விரித்துப் போட்டாள்.

மாலையில் லயாஷி வந்தான்.

"மச்சானைத்தான் தூக்கிட்டாங்களே அக்கா. துப்பாக்கிய எங்கிட்டக் குடு."

"குடுக்கறேன். உன் அங்கியை எடுத்துட்டு வா, மோந்து பார்க்கறேன்."

கடையில் ஆள் காத்திருப்பது லயாஷிக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை மஹ்ஜூப் தன் மேசையில் உட்கார்ந்து, தாமத வெடி அறிக்கையை மூன்று பிரதிகளில் எழுதினார். 'தவறு நேர்ந்த காரணம்' என்ற கட்டத்தில், 'துப்பாக்கியில் மருந்து இருந்தது' என்று நிரப்பித் தானே முத்திரை குத்தி அனுப்பினார். இரண்டாம் நாளே ஹாஜியாரின் குறிப்போடு திரும்பி வந்தது: 'குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. படையின் மற்ற பதினான்கு பேரிடமும் இக்குறை இல்லை என்பதற்குத் தனித்தனியே சான்றிதழ் வழங்கவும்.'

மஹ்ஜூப் வழங்கினார். அழகான கையெழுத்தில் பெயரை எழுதி, 'இவரிடம் மருந்து இல்லை' என்று சான்றளித்து, பதினான்கு முறை முத்திரை குத்தினார். பதினான்கு பேரும் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.