பெரிய பக்கத்தின் ஓரம்

அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் நடுவை நம்பாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். இட்லியை ஓரத்திலிருந்து தின்பார். மின்ரயில் காலியாக வந்தாலும் வாசலோரம்தான் நிற்பார். கேட்டால், “நடுவுல எல்லாமே நல்லாத்தான் கீது அண்ணாத்தே, ஓரத்தைப் பாரு” என்பார். ‘ஓரம்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். சொந்தப் பெயர் சம்பளத்துக்கு மட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு பொய்க் கம்ப்யூட்டர்களைக் குடிவைக்கும் மென்பொருளை எங்கள் சின்ன ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தோம். நினைவகத்தைப் பக்கம் பக்கமாக வெட்டி இரண்டுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். சில இயந்திரங்களில் பக்கம் சின்னது, சிலவற்றில் பெரியது. எல்லா அளவிலும் சோதிப்பது ஓரத்தின் வேலை. தற்காலிக வேலைதான். சனிக்கிழமை சரக்கு, அதாவது அந்த மென்பொருள், வாடிக்கையாளருக்குப் போய்விட்டால் நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி திருநின்றவூரில் மனைக்குப் பேசி வைத்திருந்தார் ஓரம்.

மற்றவர்கள் நினைவகத்தை வெறும் பூஜ்யத்தால் நிரப்பிப் பார்ப்பார்கள். ஓரம் ஊர்ப்பெயரால் நிரப்புவார். ஒரு பொய்க் கம்ப்யூட்டரின் பங்கில் முழுக்க ‘திருநின்றவூர்’, மற்றதில் முழுக்க ‘அண்ணனூர்’. சின்னப் பக்கத்தில் அந்தந்த ஊர் அந்தந்த இடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை பெரிய பக்கத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் வந்தார்.

“சார், திருநின்றவூர்க்காரன் அண்ணனூரான் ஊட்ல படுத்துகினு கீறான்.”

“என்னய்யா உளர்றே?”

“சின்ன டைல்ஸ்னா ரூமுக்குள்ள அடங்கிடுது சார். பெரிய கல்லு போட்டா, கடைசிக் கல்லு சுவரத் தாண்டி பக்கத்து ஊட்டுக்குள்ள போவுது.”

“கடைசிக் கல்லுதானே? அந்த ஓரத்தை யாரு பாக்கப்போறா? உன் வேலைய நெனச்சுப் பேசு.”

ஓரம் மெதுவாகச் சொன்னார்: “அண்ணனூர்க்காரன் பாப்பான் சார்.”

சரக்கு நின்றது. திருத்தி அனுப்புவதற்குள் வாடிக்கையாளருக்கும் கோபம், மேனேஜருக்கும் கோபம். நிரந்தரப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. “மனை எங்க போவுது மாமே, ஏரிப் பக்கம் நின்னுகினு இருக்கும்” என்று எங்களுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, அந்த மாதமே கிண்டிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் போவதற்கு முன், சரக்கு போன அன்று எல்லோரும் நின்று படம் எடுத்தோம். நடுவில் வரச்சொல்லி எவ்வளவோ இழுத்தும் அவர் வரவில்லை. கழுவி வந்த படத்தின் ஓரத்தில் அவருடைய ஒரு தோளும் ஒரு காதும்தான் விழுந்திருந்தன.

அதில் நடுவில் நிற்பவன் நான். இன்றைக்கும் படத்தை எடுத்தால் என்னை நான் பார்ப்பதே இல்லை.