மணி சொன்னால் மறுபேச்சு இல்லை

அந்தச் சாமியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருந்தது. “நேற்று செத்துப்போச்சு, நாளை பிறக்கவே இல்லை, இந்தக் கணத்தில் இரு” என்று போதிப்பவரிடம் அடுத்த மாதத்துக்கு முன்பதிவு! யாராவது சிரித்தார்களா? சிரிக்கவில்லை. மேசை நாற்காலிக் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் நிற்க இடமில்லாமல் மாடிப்படிவரை வரிசை கட்டினார்கள்.

சாமியைவிட அவர் மணிக்குத்தான் பெயர் அதிகம். மேசைமேல் ஒரு சின்ன வெண்கல மணி. அதன் எதிரே உட்கார்ந்து “நான் இன்னார்” என்று சொல்ல வேண்டும். பொய் என்றாலோ, மனம் வேறெங்காவது மேய்ந்தாலோ, மணி தானாகவே அடிக்கும். மாமியார்மேல் தனக்கு உயிர் என்றார் ஒருவர். டிங்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இதைச் சொல்ல மணி எதற்கு, அவர் மூஞ்சி போதாதா?

நம் சாவிக்காரரும் போனார். ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுப்பவர், தன் மூளையை மட்டும் பூட்டிக்கொண்டு போனார். “என் குடும்பத்தோட நான் சந்தோஷமா இருக்கேன்” என்றார். டிங்! மறுபடியும் சொன்னார். டிங்! மனிதர் வெளிறிப்போனார். குடும்பஸ்தன் என்பது வெறும் வேஷம், சாவிக்கடையை ஆசிரமத்துக்கு எழுதிவைத்துவிட்டு இங்கேயே வந்து உண்மையாக வாழு என்றார் சாமி. வேஷம் கலைப்பதற்குக் கடை எதற்கு என்று இவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியில் துணியை அடுக்கினார். மனைவிக்கு இரண்டு கவலை. புருஷன் போவது ஒரு பக்கம். அந்தக் கடையில் சாவி வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது அவளுடைய அக்கா. பிறவியிலேயே காது கேளாதவள், பேச்செல்லாம் கைச்சைகைதான். இயந்திரம் ஓடுகிறதா நின்றதா என்பதை உள்ளங்காலாலேயே அறிகிறவள். கடை போனால் அவளுக்குப் பிழைப்பும் போகும்.

“போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி அக்காவையும் ஒரு தடவை அந்த மணிகிட்ட உட்கார வைங்க. முடியுற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது” என்றாள் மனைவி.

கடை எழுதித் தருகிறவருக்கு முன்பதிவு தேவைப்படவில்லை; மறுநாளே மூவரும் பெட்டியோடு கூடத்துக்குப் போனார்கள். அக்காவுக்குக் காது கேட்காது, சைகைதான் பேச்சு என்றதும் சாமி தயங்கினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறதே, பின்வாங்க முடியுமா? “மணிக்கு மொழி கிடையாதும்மா. அது மனசைத்தான் கேக்கும்” என்றார்.

“அது போதும் சாமி” என்றாள் தங்கை.

அக்கா உட்கார்ந்தாள். கண் கலங்க, நெஞ்சில் கைவைத்து, மெதுவாகச் சைகை செய்தாள். மணி மூச்சுவிடவில்லை. “சத்தியத்தின் மௌனம்!” என்று உருகினார் சாமி. முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்து அவள் குறும்பாகச் சிரித்து, கூரையைப் பார்த்தபடி அசட்டையாகக் கையாட்டினாள். டிங்! “பொய். மனசு அலையுது” என்றார் சாமி.

சாவிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷமாக அந்தக் கைகளோடு பேசிப் பழகியவர் ஆயிற்றே.

“முதல்ல அக்கா சொன்னது, ‘நான் ஒரு குதிரை, எனக்கு வால் இருக்கு, காலையில இந்தக் கூரையைத் தின்னுட்டேன்’. ரெண்டாவது, ‘நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், எதிர்ல ஒரு மணி இருக்கு’.”

இவன் கதை கட்டுகிறான் என்று சீறினார் சாமி. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். தன் தம்பிக்கும் காது கேட்காது, இந்தச் சைகை தனக்கும் தெரியும், அந்த அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான் என்றார்.

அக்கா தரையைக் காட்டி மறுபடி கையசைத்தாள். மணி ஆடுவதற்குச் சற்று முன்னால் தரை தன் காலை உதைத்ததாம். சாவிக்காரர் கம்பளத்தைப் புரட்டினார். மணியிலிருந்து மேசைக்கால் வழியாக இறங்கிய மெல்லிய கம்பி, சாமியின் கால் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த ஒரு மிதிகட்டையில் முடிந்தது. முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக மிதித்திருக்கிறார் மகான்.

“நடந்தது நடந்துபோச்சு, இந்தக் கணத்தில்…” என்று தொடங்கியவர், அந்தக் கணத்திலேயே பின்வாசல் வழியாக நழுவினார். போதித்ததில் அவர் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

வீட்டு வாசலில் மனைவி வழிமறித்தாள். “இப்போ சொல்லுங்க. எங்களோட சந்தோஷமா இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்று அவசரமாக வாய் திறந்தவர், நிறுத்தி யோசித்தார். “இன்னைக்கு வெட்கமா இருக்கு. உங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியலை.”

எந்த மணியும் அடிக்கவில்லை. அக்கா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

மறுநாள் அந்தக் கூடத்து வாசலில் பாதிக் கூட்டம் அப்படியே நின்றது. சாமி போனால் போகட்டும், மணியாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். ஐயா, அம்மா, உங்கள் மனத்தில் இருப்பதை இன்னொருவன் கால் கட்டைவிரலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதென்றால், கழுத்துக்கு மேலே அந்தத் தலை எதற்கு? சீப்பு வைத்து வாரிக்கொள்வதற்கு மட்டும்தானா?