ரிவர்ஸ் அண்ணன் போட்ட கார்ட்டூன்

நடந்ததை நடக்காததாக ஆக்கும் வித்தை ஆண்டவனுக்கே தெரியாது. காஞ்சிபுரத்தில் எங்கள் ரிவர்ஸ் அண்ணனுக்குத் தெரியும். அவருடைய நிஜப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

ராணுவத்தில் சினிமா காட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய புரொஜெக்டரோடு ஊர் திரும்பியவர். சைக்கிள் கேரியரில் அதைக் கட்டிக்கொண்டு திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று போவார். படத்தைப் பின்னோக்கி ஓட்ட அந்த மிஷினில் ஒரு பிடி உண்டு. கூட்டத்தில் எவனாவது விசிலடித்தால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், பிடியைத் தள்ளிவிடுவார்.

பக்கத்துத் தாமல் கிராமத்தில் விவசாயப் படம் போட்டபோது அப்படித்தான் ஆயிற்று. அறுத்துக் கட்டிய கதிரெல்லாம் கட்டவிழ்ந்து, வயலுக்குப் போய் எழுந்து நின்றுகொண்டது. முன்வரிசைப் பெரியவர் பதறிப்போய், “அடப்பாவி, இன்னொரு தபா யாருய்யா அறுக்கறது?” என்று கத்தினார்.

“விசிலடிச்சவன அறுக்கச் சொல்லு!” என்றார் அண்ணன். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

எழுபதுகளின் தொடக்கம். நான் தொடக்கப்பள்ளியில் புது டீச்சர். அண்ணனின் மகள் ரோசி என் வகுப்பில் படித்தாள். அப்பா பள்ளிக்கூடத்தில் கார்ட்டூன் போடப்போகிறார் என்றதும் அவள் கால் தரையில் பாவவில்லை. ஜன்னல்களில் கோணி மாட்டி வகுப்பை இருட்டாக்கினோம். மெட்ராசில் வாடகைக்கு எடுத்த அந்தப் படத்தை அண்ணனும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் வந்து தீவில் இறங்குகிறான். புதருக்குள்ளிருந்து கறுப்பு ஜனங்கள் குனிந்து பதுங்கி வருகிறார்கள். பூரி மாதிரி உதடு, மூக்கில் எலும்பு. எவன் வரைந்தானோ, அவன் கையைக் கட்டெறும்பு கடிக்க! துரையைக் கயிற்றால் கட்டி, கொதிக்கிற அண்டாவில் போடுகிறார்கள். பக்கத்தில் ரிப்பன் கட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. அழுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது. துரை அண்டாவிலிருந்து எகிறிக் குதித்து, எல்லாரையும் குத்திச் சாய்த்து, அவளை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கப்பலுக்கு ஓடுகிறான்.

குமார் என்ற பையன் எழுந்து, “டேய், ரோசி ஊரு ஜனங்கடா!” என்றான். வகுப்பே சிரித்தது. ரோசி நல்ல கறுப்பு, அப்பாவைப் போல.

மறுநாள் அவள் வரவில்லை. சாயங்காலம் அண்ணன் வந்து நின்றார்.

“புள்ள இஸ்கூலே வாணான்னு அழுதுக்கினு இருக்குது டீச்சர். அவ அம்மாவும், ‘பொட்டப் புள்ளதானே, வூட்டு வேலயப் பாக்கட்டும், உடு’ன்றா.”

“குமாரை நாலு சாத்து சாத்தட்டுமா அண்ணே?”

“அவன இன்னாத்துக்குமா? படத்தப் போட்டவன் நானு. நாளைக்கு அதே படத்த இன்னொரு தபா போடறேன்.”

எனக்குத் திக்கென்றது.

ரோசியைச் சைக்கிளில் உட்கார வைத்து அழைத்து வந்துவிட்டார். அவள் கதவை விட்டு நகரவில்லை. அண்ணன் புரொஜெக்டர் விளக்கை அணைத்தபடியே, திரையில் எதுவும் விழாமல், படத்தைக் கடைசிவரை ஓட்டி நிறுத்தினார். பிறகு அந்த விளக்கைப் போட்டு, பிடியைத் தள்ளினார். வசனம் இங்கிலீஷ், முன்னால் ஓடினாலும் பின்னால் ஓடினாலும் எங்களுக்கு ஒன்றுதான்.

துரை கப்பலிலிருந்து பின்பக்கமாக ஓடிவந்து, ரிப்பன்காரியைத் தோளிலிருந்து இறக்கி நிறுத்தினான். விழுந்து கிடந்தவர்கள் ஜம்மென்று எழுந்தார்கள். அவள் கன்னத்துக் கண்ணீர் மேலே ஏறிக் கண்ணுக்குள் போய்விட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். துரை தானாகவே அண்டாவுக்குள் குதித்தான்.

“பாருங்கபா, விருந்தாளி வந்துகிறாரு,” என்று அண்ணனின் குரல் இருட்டில் கணீரென்று கேட்டது. “வெந்நீர் போட்டு வெச்சிகிறாங்க. குளிச்சாச்சி, தூக்கி உட்றாங்க. கயித்த அவுத்தாச்சி...”

கட்டை அவிழ்த்தவர்கள் துரையைப் பார்த்தபடியே, குனிந்து, அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்து புதருக்குள் போனார்கள்.

“டீச்சர்!” என்று அலறினான் குமார். “பெருமாள சேவிச்சிட்டு முதுகு காட்டாம வருவாங்களே, அத்த மாதிரியே போறாங்க டீச்சர்! இன்னா மரியாதி!”

துரை கப்பலேறிப் போனான். வகுப்பு கைதட்டியது. குமார் நேராக ரோசியிடம் போனான். இந்த முறை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். “அது உங்க ஊராடி?”

ரோசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆமாண்டா. வர்றியா? குளிப்பாட்டி அனுப்பறோம்.” சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தாள்.

அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, “இன்னா டீச்சர், படம் நல்லாகீதா?” என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் கும்பிட்டுவிட்டேன்.