வயிற்றைக் கேட்டு நடப்பவர்

மனைவியைக் கேட்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலதிகாரியைக் கேட்டு நடப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் சுதந்திர மனிதர்கள். நான் சொல்லப்போகிறவர் வயிற்றைக் கேட்டு நடப்பவர். "நாளைக்கு எங்க வூட்டு விசேஷம், வரீங்களா?" என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. சற்று நேரம் உள்ளே எதையோ உன்னிப்பாகக் கவனித்துவிட்டு, "காத்தால பாத்துச் சொல்றேன்" என்பார். காலையில் எதைப் பார்ப்பார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மரியாதையாக இருக்காது.

கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்த செல்லமுத்து இந்த வகையில் முதல் தரம். வெளியே கிளம்புமுன் கொல்லைக்கு ஒரு தடவை போவார். சட்டை மாட்டியபின், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை. கதவைப் பூட்டித் தெருமுனை வரை நடந்தபின் திரும்பி ஓடிவந்து, பூட்டைத் திறந்து, இன்னும் ஒரு தடவை. கல்யாணத்தில் கடைசி வரிசை, சினிமாக் கொட்டகையில் கதவோரம், பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட்டு. எழுந்து ஓட முடியாத இடம் எதுவோ அதுதான் அவருக்கு எமன். ஒருநாள் சலூனில் பாதிச் சவரத்தில் எழுந்தவர், ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் சோப்பு நுரையுமாகக் கடைவீதி வழியே வீட்டுக்கு ஓடினார். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வயிறு மட்டும் கலக்கினால் பரவாயில்லையே! முதலில் தொப்புளுக்குக் கீழே ஒரு சின்ன முனகல். ஐயோ, வந்துவிட்டதோ? அந்த 'ஐயோ' ஒன்று போதும். உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும், நெஞ்சு தடதடவென்று அடிக்கும், தரை தொட்டில் மாதிரி ஆடும். நாலு பேர் நடுவில் மயங்கி விழுந்து, மானம் போய், ஊர் சிரித்து, வெட்கத்தில் கடையை மூடிக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போவது வரை எல்லாம் ஒரே மூச்சில் கண்ணில் ஓடும். அடித்துப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

டாக்டரிடம் போனார். ரத்தம், மலம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "பயப்படற மாதிரி ஒண்ணுமில்லைங்க" என்றார். செல்லமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னா டாக்டர், ஒண்ணுமில்லன்றீங்க? தல கிறுகிறுன்னு சுத்துது, உயிரு போயிடும்போல இருக்குது!"

"ஒங்க குடலுக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. நீங்க பயந்தா அது முறுக்கிக்கும். அது முறுக்கினா நீங்க பயப்படறீங்க. பயத்துல மூச்சை வேகவேகமா இழுக்கறீங்க, அதான் தலசுத்தல். மெதுவா மூச்சு விடுங்க. தைரியமா நாலு எடத்துக்குப் போங்க."

நாலு இடத்துக்குப் போக முடியவில்லை என்றுதானே ஐயா இவரிடம் வந்தது? வீட்டுக்கு வந்து துக்கச் செய்தி சொல்வதுபோல், "ஒண்ணுமில்லையாம்" என்றார். "அப்ப நல்லதுதான?" என்றாள் மனைவி இருசம்மாள். அன்றைக்கு முழுக்க அவளோடு அவர் பேசவில்லை.

இப்படி வயிற்றோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு வந்தது சோதனை. அவருக்கு ஒரே தங்கை, செல்லியம்மாள். தாய் தகப்பன் போனபின் இவர்தான் வளர்த்து, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார். அவள் மகள் சந்தியாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். யோசித்துப் பாருங்கள்: பந்தலுக்கு நட்ட நடுவில் இவர், மடியில் குழந்தை, எதிரே ஊசியோடு ஆசாரி, சுற்றிலும் ஊர். எழுந்து ஓட முடியுமா? ஒருமுறை கடைக்கு லோடு வருகிறது என்றார். அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை காய்ச்சல். வயிறு என்று மட்டும் வாய் திறக்கவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்து, பல் விழுந்து முளைத்தும் ஆயிற்று. காது மட்டும் மூளியாகவே இருந்தது.

கடைசியில் செல்லியம்மாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"இந்த தபாவும் நீ வரலன்னா, அவரு தம்பி மடியில குந்த வெச்சிக் குத்திடுவேன். அத்தோட எனக்கு அண்ணனும் இல்ல, உனக்குத் தங்கச்சியும் இல்ல."

கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். அவர் உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மறியலை வாழ்த்தினவர்கள் உண்டு, திட்டினவர்கள் உண்டு. அதை மருந்தாகப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். காதுகுத்துக்கு முதல் நாள், மறியல் என்று காதில் விழுந்ததும் முகத்தில் என்ன தெளிவு! "பஸ்ஸு ஓடாதாம். இன்னா பண்றது, நம்ம கையிலயா இருக்குது?" என்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். இருசம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். "காத்தால மொத வண்டி போவுதாம். கெளம்புங்க."

தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே வெட்டிப் போடப்பட்டிருந்தது, அதன்மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வழியில்லை. பின்னால் லாரிகள் வந்து அடைத்துக்கொண்டன. செல்லமுத்துவுக்கு உள்ளங்கை வேர்த்து, காது அடைத்து, பஸ்ஸே சுழன்றது. அப்போது மறியல்காரர் ஒருவர் படியில் ஏறினார்.

"வண்டி சாயந்தரம் வரைக்கும் போவாதுங்க. யாருனா ஒடம்பு முடியாதவங்க இருந்தா சொல்லுங்க. அவங்கள மட்டும் மாட்டு வண்டில அனுப்பி வெக்கறோம்."

மொத்த பஸ்ஸும் எழுந்து நின்றது. "எனக்குத் தல சுத்துதுங்க!" "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது!" "காத்தாலருந்து வயித்தக் கலக்கிக்கினே இருக்குது சாமி!" கோர்ட்டுக்குப் போகிற வக்கீல், சந்தைக்குப் போகிற மாட்டுத் தரகர், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை என்று ஒருவர் பாக்கியில்லை. இத்தனை வருஷம் தான் ஒருவராகக் கட்டிக் காத்த சொத்துக்கு இத்தனை பேர் ஒரே நிமிஷத்தில் பங்கு கேட்டதும் செல்லமுத்துவுக்குச் சுரீர் என்றது. அவர் வயிறுகூட அந்தக் கூத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

"உங்களுக்கு இன்னாங்க?" என்றார் மறியல்காரர்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் செல்லமுத்து.

"அப்ப எறங்கி நடங்க" என்றாள் இருசம்மாள். எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை!

நடந்தார்கள். நடப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்? சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. வழியில் இரண்டு தடவை உள்ளே போய்வந்தார். இருசம்மாள் சீர்த் தட்டோடு வெளியே காத்திருந்தாள். உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தபோது, செல்லியம்மாள் புருஷனின் தம்பி பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாகிவிட்டது. செல்லியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்று கத்திக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பி எழுந்தார், மாமன் உட்கார்ந்தார், சந்தியா மடியேறினாள், ஆசாரி ஊசியை எடுத்தார்.

எடுத்ததுதான் தாமதம், அடிவயிற்றில் இடி முழங்கியது. தரை சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து அந்தக் குழந்தை ஈரக் கையால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, வயித்த இன்னாமோ பண்ணுது. ஓடிப் பூடட்டா?" என்றது.

"எனக்கும்தான் கண்ணு" என்றார். "மெதுவா மூச்சு வுடு. நானும் வுடறேன்."

செல்லியம்மாள் காதில் விழுந்துவிட்டது. "இன்னாண்ணே, உனக்குமா?"

"ஆமாம்மா. லோடும் இல்ல, மழையும் இல்ல. இத்தினி வருஷமா இதான்."

அவள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப்பாவி! இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, பந்தல கொல்லப்பக்கம் போட்டிருப்பேனே!"

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அலறியது இரண்டு குரல். மறு காதுக்கு முன்னால் மாமனும் மருமகளும் கைகோத்துக் கொல்லைப்பக்கம் போய்வந்தார்கள். ஊர் பொறுமையாகக் காத்திருந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல், "ஆபீஸ்ல வேல" என்று சொன்னீர்களே, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. போகட்டும், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் லேசாக ஏதோ அசைந்ததே, அது பசியாகத்தான் இருக்கும். எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.